ஊதாக் கால், பச்சைக் கால்

மாவடிப்பள்ளிப் பாலத்தைத் தாண்டும்போது வெயில் தலைக்கு நேரே நின்றது. தோளில் ஒரு பை. பைக்குள் உடுக்க இரண்டு சாரம், துடைக்க ஒரு துவாய், பாதி கரைந்த சவர்க்காரம். ரோட்டின் இரண்டு பக்கமும் வெட்டி முடிந்த வயல்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் என்னை அனுப்பியவரைக் கண்டிருக்க முடியாது. வயலில் குந்தியிருப்பவர்களைத் தூரத்திலிருந்து காண முடியாது. அவருடைய வாழ்வில் பாதிக்கு மேல் குந்தியபடியேதான் போனது.

"நீ போ தம்பி" என்று அன்று காலையில் சொன்னார். கோபம் இல்லாமல்தான் சொன்னார்.

இருபத்தாறு வயதுக்குள் என்னைப் பலர் போகச் சொல்லியிருந்தார்கள். பண்டாரவளையில் ஒரு பேக்கரிக்காரர், மொனராகலைப் பக்கம் ஒரு மர முதலாளி, ஒரு லொறிச் சாரதி. அவர்களுக்கு என் வேலை பிடிக்காமல் போயிருக்கும், அல்லது கொடுக்க வேலை இல்லாமல் போயிருக்கும். இரண்டிலும் எனக்கு வருத்தம் இல்லை. இவர் சொன்ன காரணம் வேறு. அதைச் சொல்வதென்றால் அவருடைய கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்தப் பக்கத்து வயல்களில் களை பிடுங்கும் பெண்களுக்கு அவர்தான் முன்னால் போகிறவர். என்னைவிட எட்டு ஒன்பது வயது மூத்தவர். நான் அக்கா முறைக்கு ராத்தா என்று கூப்பிட்டேன். கடைசிவரை அப்படித்தான் கூப்பிட்டேன்.

நான் வேலை கேட்டுப் போன அன்று வயல்காரப் போடியார் வரம்பில் குடை பிடித்துக்கொண்டு நின்றார். "வரம்பு கட்டத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். "இறங்கிக் காட்டு பாப்பம்" என்றார். இறங்கினேன். கொஞ்சம் தள்ளிக் குந்தியிருந்த பெண்களில் ஒருவர் தலையைத் தூக்காமலே சொன்னார்:

"போடியார், இவரு குதிக்கால வெச்சிச் சேத்தில இறங்குறாரு. வரம்பு கட்டின ஆள் விரல வெச்சித்தான் இறங்குவான்."

பெண்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது.

"அப்ப அனுப்பிப் போடவா?" என்றார் போடியார்.

"வெச்சிருங்க. பசிக்குது அவருக்கு. பசிக்கிற ஆள் கெட்டித்தனமாப் பழகிருவான்."

பிறகொரு நாள், பசியை எப்படிக் கண்டீர்கள் என்று ராத்தாவிடம் கேட்டேன். "மொகத்தில ஒண்டும் இல்ல. எங்கட சோத்துச் சட்டிய நீ ரெண்டு தரம் பாத்த. மூண்டாம் தரம் பாக்காம இரிக்கணும் எண்டு கழுத்த அங்கால கிறுக்கி வெச்சிருந்த. அதுலதான் நான் கண்ட" என்றார்.

அப்படித்தான் நான் அங்கே சேர்ந்தேன். வயலுக்கு நடுவில் இருந்த வாடியில் தங்கி, தண்ணீர் பார்த்து, வரம்பு கட்டி, ஒரு மாரி வெள்ளாமையும் கோடையில் ஒரு சிறுபோகமும் மறுபடி ஒரு மாரியும் இருந்தேன். அதற்கு முன்னும் பின்னும் ஓரிடத்தில் அவ்வளவு நாள் இருந்தது கிடையாது.

அந்தப் பக்கம் நாற்று நடுவது குறைவு. கையால் வீசித்தான் விதைப்பார்கள். வரிசை இருக்காது. எது விதைத்தது, எது தானாக வந்தது என்று பயிருக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். நெற்சப்பி என்று ஒரு புல், முளைத்து ஒரு மாதம்வரை நெல்லைப் போலவே நிற்கும். இலை தண்டோடு சேருகிற இடத்தில் நெல்லுக்கு மெல்லிய தோலாக ஒரு நாக்கு உண்டு, சப்பிக்கு இல்லை. மற்றப் பெண்கள் இலையை விலக்கி நாக்கைத் தேடுவார்கள். இவர் தேட மாட்டார். வரம்பில் நின்று காற்று ஒருமுறை வீசட்டும் என்று பார்த்திருப்பார். வீசியதும், "அதுல மூண்டு, அங்கால ஒண்டு, அந்த மேட்டில அஞ்சாறு" என்று கையை நீட்டுவார். போய்ப் பார்த்தால் சரியாக இருக்கும்.

சப்பி அவருக்கு ஒரு விளையாட்டு. அவருடைய எதிராளி வேறொன்று. அதுவும் நெல்தான், காட்டில் கிடந்த நெல். இலை நெல், நாக்கு நெல், பூவும் நெல். ஆனால் கதிர் முற்றினால் அரிவாள் வருவதற்கு முன்பே மணியைக் கீழே கொட்டிவிடும். கொட்டியது சேற்றில் கிடந்து அடுத்த போகத்தில் முளைக்கும். உடைத்துப் பார்த்தால் அரிசி சிவப்பாக இருக்கும். வெள்ளை நெல்லுக்குள் அது கலந்தால் விதைக்கு ஆகாது. ஊரார் அதற்கு வைத்திருந்த பெயரில் பன்றி இருந்தது. அதை வாயால் சொல்ல மனமில்லாமல் இவர் கள்ளநெல் என்று சொல்வார். அதைக் கண்டுபிடிக்க ஒரேயொரு வழிதான். தண்டின் அடியில், சேற்றுக்குச் சற்று மேலே, ஊதா நிறம் ஓடும். நல்ல நெல்லுக்கு அந்த இடம் பச்சை. ஊதாக் கால் என்றால் பிடுங்கு, பச்சைக் கால் என்றால் விடு. இதை அவருக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பதினெட்டு வயதில் தானாகக் கண்டு, மற்றப் பெண்களுக்குச் சொன்னது அவர்தான்.

அந்தக் கண் வயலோடு நிற்கவில்லை. அதுதான் அவருடைய கஷ்டம்.

கதீசா என்று ஒரு பெண் கூட வேலை செய்தார். வாய் ஓயாதவர். ஒருநாள் இவர் தொழப் போன நேரத்தில் எனக்குக் கேட்கும்படியாகச் சொன்னார்:

"இவளக் கேட்டு மாப்பிள்ளயா வந்தவரு ஒராள், நிந்தவூருப் பக்கம். வெள்ளச் சட்ட, அத்தர் வாசம். பலகாரம் வெச்சி எல்லாம் பேசி முடிஞ்சி. இவ உள்ளுக்க இருந்து திரை இடுக்கால ஒருக்காப் பாத்தா. பாத்திட்டு உம்மாட காதுக்குள்ள சொல்றா, உம்மா, இவருக்குப் புள்ள இரிக்கி எண்டு."

"எப்படியாம் தெரியும்?"

"பக்கத்து ஊட்டுல ஒரு பச்சப்புள்ள அழுதிச்சாம். வந்த ஆக்கள் எல்லாம் அந்தப் பக்கம் கிறுகிப் பாத்தாங்களாம். இவரு மட்டும் பாக்காம, இருந்த இடத்திலயே முழங்கால ஆட்டினாராம். தாலாட்டுற மாதிரி. விசாரிச்சிப் பாத்தா மெய்தான். பொலன்னறுவையில ஒரு பொஞ்சாதியும் ரெண்டு புள்ளயும்."

"நல்லதுதானே? தப்பிட்டாங்க."

"நல்லதுதான். ஆனா மறுகா ஒருத்தனும் அந்தப் படலயத் திறக்கல்ல. எல்லா ஆம்புளைக்கும் ஒரு முழங்கால் இரிக்கிதானே தம்பி!"

பெண்கள் சேற்றில் கையை அடித்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஊரிலும் அவருக்கு முன்னால் நிற்க ஆட்கள் கூசினார்கள். இரவல் உடுப்பை உடுத்தி வந்தவர்கள், கடன் வாங்கிய நகையோடு வந்தவர்கள், சண்டை போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு வந்தவர்கள் எல்லோருக்கும் அந்தப் பார்வை ஒரு தொந்தரவு. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவார். கெட்ட எண்ணம் கிடையாது. கால் ஊதாவாக இருந்தால் கை தானாகப் போகிற மாதிரி, வாயும் போய்விடும். கண்ணூறு என்று கைக்குழந்தைகளை முந்தானையால் மூடுகிறவர்களும் இருந்தார்கள். அது அவருக்குத் தெரியும். ஒழுங்கையில் குழந்தையோடு யாரும் எதிரே வந்தால் இவரே முகத்தை வேலிப் பக்கம் திருப்பிக்கொண்டு நடப்பார். அதை நான் இரண்டு முறை கண்டிருக்கிறேன்.

மருதமுனையிலிருந்து சைக்கிளில் சாரி விற்கிறவர் ஒருவர் வயல்வரை வருவார். ஒருநாள் பச்சைச் சாரி ஒன்றை விரித்தார். எல்லோரும் நல்லது என்று தடவிப் பார்த்தார்கள். இவர் எட்டத்தில் நின்றே, "கரையில ஒரு நூல் மாறிப் போயிரிக்கி" என்றார். சாரிக்காரருக்குக் கோபம் வந்தது. "உங்களுக்கு யாவாரத்தக் கெடுக்கிறதுதான் வேலயா, ராத்தா?" இவர் சேற்றுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "கெடுக்கல்ல. அதத்தான் எனக்குத் தாங்க. விலை குறைக்கவும் வேணாம்" என்றார். ஏன் அதையே எடுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. பிறகு பெருநாளைக்கு அதைத்தான் உடுத்தினார் என்று கதீசா சொன்னார்.

வீட்டுக் கதையை அவரே ஒருநாள் சொன்னார். அந்தக் கரையில் பெண்ணுக்கு வீடு இருக்க வேண்டும். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருவான். வீடில்லாத பெண்ணைக் கேட்டு யாரும் வர மாட்டார்கள். வாப்பா மாட்டு வண்டிக்காரர். மூத்தவள் என்று இவருக்கு இரண்டு அறை வைத்துக் கட்டினார்.

"ஓடு போட்டு ஏழு நாள். எழுபத்தெட்டுப் புயல் வந்திச்சி. நாலு சுவரில ஒண்டரை மிஞ்சிச்சி. வாப்பாவும் அடுத்த வருசம் மௌத்தாப் போனாரு. மறுகா கிடந்தத எல்லாம் பொறுக்கி ஒரு ஊடு கட்டின. கட்டி முடியக்குள்ள தங்கச்சிக்குக் கேட்டு வந்தாங்க. எனக்கு வரல்ல. ஊடு ஒண்டுதான். ஆருக்கு வந்திச்சோ அவளுக்குத்தானே குடுக்கணும்?"

"நீங்க எங்க இரிக்கீங்க?"

"குசினில, அடுப்புக்குப் பக்கத்தில. தங்கச்சிட மாப்பிள்ள நல்ல மனிசன். பத்து நாளைக்கு ஒருக்கா, மரியாதையாக் கேப்பாரு, ராத்தா, உங்களுக்கு ஒரு இடம் பாப்பமா எண்டு. குசினிய உடைச்சிக் கடை போடப் போறாராம். நோன்புக்கு முந்தி."

இதைச் சொல்லும்போதும் கை நிற்கவில்லை. பிடுங்கிய புல்லை முடிச்சாக முறுக்கிப் பின்னால் எறிந்துகொண்டே போனார்.

நான் வருவதற்கு முன் இருபது பெண்களுக்கு மேல் அந்த வயலில் களை எடுத்தார்களாம். நான் வரும்போது ஐந்து பேர். எண்ணெய் என்று ஊரார் சொல்லும் களைக்கொல்லியை அடிக்கிறவன் முதுகில் தாங்கியைக் கட்டிக்கொண்டு அரை நாளில் முழு வயலையும் நனைத்துவிட்டுப் போவான். சப்பி வாடிச் சாகும். கோரையும் சாகும். மற்றப் பெண்களில் சிலர் ஆலைக்குப் போனார்கள், சிலர் வீட்டோடு இருந்தார்கள், இரண்டு பேர் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனார்கள். ஆனால் எண்ணெய் கள்ளநெல்லைத் தொடுவதில்லை. அதுவும் நெல்தானே. சப்பியும் கோரையும் செத்துப்போன இடம் முழுக்க அதற்குக் கிடைத்தது. வெயிலும் பசளையும் தனக்கே என்று வளர்ந்தது. அதற்காகத்தான் அந்த ஐந்து பேரை வைத்திருந்தார்கள்.

இரண்டாவது மாரியில், நல்ல பகல் நேரம், வாய்க்கால் ஓரத்தில் அவர் தனியாகக் குந்தியிருந்தார். தண்ணீர் திறக்கப் போன என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். வரம்பில் ஐந்து நெற்பயிர்களை வேரோடு கழுவி, பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்திருந்தார்.

"இதில எது கள்ளன், சொல்லு."

நான் குனிந்து அடித்தண்டைப் பார்த்தேன். எல்லாம் பச்சை. "ஒண்டும் இல்ல" என்றேன்.

"அஞ்சும்தான்."

கதிரில் உள்ளங்கையை வைத்து மெல்லத் தடவினார். மணிகள் கையில் கொட்டின. ஒன்றை நகத்தால் உரித்தார். சிவப்பு.

"போன போகத்தில எனக்கு ஒரு சந்தேகம். காத்துக்கு ஆடுறது சரியில்லாம சிலது நிண்டிச்சி. அடியப் பாத்தா பச்ச. நல்லதெண்டு மத்தவங்க விட்டுட்டுப் போறாங்க. நான் அதுட மணிய எடுத்து இந்த ஓரத்தில தனியா முளைக்கப் போட்ட. இன்னா, பாரு."

கையில் கொட்டிய மணிகளைத் துணியில் முடிந்தார். பிறகு, யாரிடமோ குற்றத்தை ஒப்புக்கொள்வது போலச் சொன்னார்:

"படைச்சவன் எல்லாத்தையும் படைச்சி விட்டான். பொறுக்கினது நாங்க, தம்பி. இவ்வளவு வருசமும் ஊதாக்கால் ஒண்டு விடாமப் புடுங்கின. எங்கயோ ஒண்டு ரெண்டு பச்சக்கால் இருந்திரிக்கும். அதத் தொடல்ல. தொடாதது புள்ள பெத்திச்சி. அந்தப் புள்ளயிலயும் ஊதாவாப் போனதப் புடுங்கின, பச்சய விட்ட. இப்ப நிக்கிறது எல்லாம் நாங்க விட்டதுட புள்ளைகள்தான்."

"நீங்க என்ன செய்யிற? கண்டதத்தானே புடுங்கலாம்."

"அதுதான். என்ட கண் மோசமா இருந்திருந்தா ஊதாக்காலும் பாதி தப்பியிருக்கும். இண்டைக்கும் காலப் பாத்தாத் தெரியும். நான் நல்லாப் பாத்த. அதால அது நல்லா ஒளிக்கப் பழகிட்டு."

"பழகினதா? அதுக்கு என்ன தெரியும்?"

"அதுக்கு ஒண்டும் தெரியா. ஒளிக்கத் தெரியாதது எல்லாம் செத்துப் போயிட்டு. அவ்வளவுதான்."

ஏழாம் வகுப்புவரை போனவன் நான். அந்த ஏழு வருடத்தில் கேட்ட எதுவும் இதைப்போல என்னைப் பயப்படுத்தியதில்லை. ஐந்து பயிரையும் அவர் துணியில் சுற்றி, ஒரு மணியும் விழாமல் கொண்டுபோய் அடுப்பில் போட்டார்.

அந்த மாரியில்தான் போடியார் மேல்பக்கத்து வயலை விதை நெல்லுக்கென்று விவசாயத் திணைக்களத்தில் பதிந்திருந்தார். விதை நெல் என்றால் கள்ளநெல் ஒன்றுகூட இருக்கக் கூடாது. பரிசோதிக்க உத்தியோகத்தர் வருவார். அவர் சரி என்றால் நெல் முழுவதும் விதைக்குப் போகும், இல்லையென்றால் சோற்றுக்குத்தான். போடியார் இவரிடம் எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னார்:

"இது விதைக்குப் போச்செண்டா, சாய்ந்தமருதுல ரோட்டுக்கு மேற்கால கிடக்கிற அந்த மூல வளவ ஒனக்கு எழுதித் தாறன். பள்ளிவாசல் ஆக்கள முன்னால வெச்சிச் சொல்றன்."

சின்னத் துண்டு. மழைக்குத் தண்ணீர் நிற்கிற இடம். இருந்தாலும் வீடு கட்ட ஒரு வளவு. இவர் போடியாரை நிமிர்ந்து பார்த்தார். அவர் சொன்னதைச் செய்வாரா என்று கண்ணால் அளந்தார். செய்வார் என்று கண்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து அந்த வயலை விட்டு ஏறவில்லை.

மூன்று முறை முழு வயலையும் பார்த்தார். ஊதாக்கால் ஒன்றும் இல்லை. பச்சைக்கால் கள்ளநெல்லைக் காற்றின் ஆட்டத்தை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். அவர் ஒருவரால்தான் முடியும். விரல்கள் வீங்கி மோதிரம் கழற்ற முடியாமல் போனது. வயலை ஏறக்குறையச் சுத்தமாக்கிவிட்டார். வடகிழக்கு மூலை மட்டும் மிஞ்சியது. அங்கே கள்ளநெல்லின் கதிர் முற்றிவிட்டிருந்தது. என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார்.

"இதுல கையப் போட்டா உதிரும். உதிந்தா விதைச்ச மாதிரி. விட்டா, உதிராம நிக்கிறது அறுப்போட மூட்டைக்குள்ள போகும். உதிருறது இங்க கிடந்து பிழைக்கும். உதிராதது ஊர் ஊராப் போய்ப் பிழைக்கும்."

"அந்த மூலைய மட்டும் வெட்டி எரிச்சா?"

"போடியார்ட்டச் சொன்ன. விதை வயலுக்குள்ள ஒரு மூல கரியாக் கிடந்தா ஆப்பீசர் ஏன் எண்டு கேப்பாராம். பேசாம இரி எண்டாரு."

உத்தியோகத்தர் ஒரு காலைப் பொழுதில் வந்தார். இளம் ஆள். காற்சட்டையை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு உண்மையாகவே சேற்றில் இறங்கினார். அங்கங்கே குனிந்து பயிரின் அடியைப் பார்த்தார். பார்க்க வேண்டிய இடம் அதுதான் என்று அவருக்கும் யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எல்லாம் பச்சை. வடகிழக்கு மூலைக்கும் போனார். அங்கேயும் குனிந்தார். பச்சை.

வரம்பில் ஏறிக் காலைக் கழுவிக்கொண்டு, மரியாதைக்காகத்தான் இவரைக் கேட்டார்: "ராத்தா, உங்கட கண்ணப் பத்திப் போடியார் நிறையச் சொன்னாரு. நீங்க சொல்லுங்க. வயல் சுத்தமா?"

போடியார் குடையின் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதீசாகூட வாயைத் திறக்கவில்லை. யார் முன்னாலும், யாரைப் பற்றியும், கேட்காமலே சொல்லிவிடுகிறவர். இப்போது கேட்கிறார்கள்.

"ஓம்" என்றார். "சுத்தம், ஐயா."

உத்தியோகத்தர் என் பக்கம் திரும்பினார். "தண்ணி பாக்கிற ஆளா நீங்க? ஒண்டும் காணல்லியா?"

"இல்ல சேர்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டு போனார்.

பல வருடம் கழித்து அட்டாளைச்சேனையில் ஒரு வயல்காரர் என் முன்னால் நின்று சபித்துக்கொண்டிருந்தார். அந்தக் கள்ளநெல் தன் வயலுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாதாம். பார்த்தால் நெல், வெட்டப் போனால் வெறும் வைக்கோல். நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டு கேட்டிருந்தேன். எங்கிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை.

போடியார் சொன்னபடியே செய்தார். பள்ளிவாசல் ஆட்கள் வந்து நின்று மூலை வளவில் எல்லைக்கு நாலு முளை அடித்தார்கள். பெண்களுக்குக் கொண்டாட்டம். நெல்லைச் சூடடித்துக்கொண்டிருந்த களவெட்டியில் கதீசா சத்தமாகச் சொன்னார்:

"என்னகா, வளவு வந்திச்சி. ஒரு கிணறு வெட்டினா முடிஞ்சி. மாப்பிள்ளைக்கும் தூரப் போகத் தேவல்ல, வாடிக்குள்ளயே ஒராள் இரிக்காரு. சேத்தில குதிக்கால வெச்சி இறங்குற ஆள்!"

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. நானும் அதை நினைத்திருந்தேன். வயது வித்தியாசத்தையும் நினைத்தேன், கிணற்றையும் நினைத்தேன், அந்தப் பள்ளத்துக்கு எத்தனை வண்டி மண் கொட்ட வேண்டும் என்றும் நினைத்தேன். வாழ்க்கையில் ஓரிடத்தில் மண் கொட்டுவதைப் பற்றி நான் நினைத்தது அந்த ஒரு முறைதான்.

அடுத்த நாள் காலையில் வாடிக்கு முன்னால் வரம்பில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"நீ போ தம்பி."

"எங்க?"

"எங்கயாச்சும். இங்க நிக்காத."

"நான் என்ன செஞ்ச, ராத்தா?"

"ஒண்டும் செய்யல்ல. ஒன்னக் காணக்குள்ள எல்லாம் எனக்கு அந்த மூலதான் தெரியிது. போடியாருக்கு அது விதை வயல். மத்தவங்களுக்கு அது வெட்டின வயல். ஒனக்கும் எனக்கும்தான் அது என்ன எண்டு தெரியும்."

"நான் ஆருக்கிட்டயும் சொல்ல மாட்டன்."

"தெரியும். சொல்ற ஆளெண்டா பயமில்ல, கத்திச் சண்ட புடிக்கலாம். நீ சொல்லாம இருப்பாய். சொல்லாம, தினமும் எனக்கு முன்னால இருப்பாய்."

வரம்பில் நின்ற ஒரு புல்லைப் பிடுங்கி முறுக்கினார். "எனக்கு அந்த வளவு வேணும் தம்பி. வாயால சொல்லிச் சொல்லித்தான் நான் குசினிக்கு வந்த. ஒருக்காச் சொல்லாம இருந்த. ஒரு வளவு வந்திச்சி."

என்னைப் பார்க்கவில்லை. வேலிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வரம்பால் நடந்து போனார். அங்கே வேலி ஏது, வெறும் வயல்தான். நான் பையை எடுத்தேன்.

காரைதீவுச் சந்தியில் தண்ணீர் குடித்தேன். சாய்ந்தமருதுக்கு வரும்போது அந்த வளவு வழியில்தான் இருந்தது. பார்க்காமல் போக முடியவில்லை. நாலு முளையும் நின்றன. ஒரு முளையில் யாரோ ஆட்டைக் கட்டியிருந்தார்கள். ஆள் ஒருவரும் இல்லை. கல்முனைக்குப் போய்ச் சேர்ந்து, பள்ளிவாசலில் தொழுதுவிட்டு, விறாந்தையில் படுத்தேன்.

விடிந்ததும் வேலை தேடிப் புறப்பட்டேன். அறுப்புக் காலத்தில் மூட்டை தூக்கும் வேலையைத் தேடி அலையத் தேவையில்லை. விதை நெல் வாங்கிச் சேர்க்கிற ஒரு களஞ்சியத்தின் வாசலில் கணக்கப்பிள்ளை பல் துலக்கிக்கொண்டு நின்றார். என் தோளைப் பார்த்தார்.

"மூட்ட தூக்க ஏலுமா?"

"ஏலும்."

"எந்த ஊரு?"

"பொத்துவில்."

"நில்லு. இப்ப ஒரு டிரக்டர் வரும்."

வந்தது. ஓட்டி வந்தவன் போடியாருடைய டிரக்டர்காரன். என்னைக் கண்டதும் சிரித்தான். "என்னடாப்பா, அங்க வேலய உட்டுட்டு ஓடி வந்து, இங்க எங்கட நெல்லயேயா தூக்கப் போறாய்?"

"சும்மா இரி" என்று சொல்லிவிட்டு முதுகைக் கொடுத்தேன்.

முதல் மூட்டையோடு உள்ளே போனேன். நிறைய இடம் இருந்தது. பின்சுவரோடு சேர்த்து இருட்டு மூலையில் வைக்கப் போனேன். கணக்கப்பிள்ளை வாயிலிருந்த நுரையைத் துப்பிவிட்டுச் சத்தம் போட்டார்:

"அங்க இல்ல! அது ஆப்பீசர் சுத்தம் எண்டு எழுதின நெல்லு. அதுதான் முதல்ல போகுது, அட்டாளைச்சேனைக்கும் மற்ற ஊருகளுக்கும். வாசலோட அடுக்கு."

வாசலோடு அடுக்கினேன். பகல்வரை அடுக்கினேன். பிறகு சோறு தந்தார்கள்.